ஐந்து சேலைத் தூரம்

1

எங்களுடைய முப்பதாவது கல்யாண நாளன்று என் கணவர் ஒரு நீளமான பெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நீளத்தைப் பார்த்து இஸ்திரி மேசை என்று முடிவு செய்தேன். முப்பது வருடம் கூட இருந்தவளுக்கு இஸ்திரி மேசை வாங்கி வரும் மனிதருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே யோசித்து வைத்துவிட்டேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே துவக்கு.

எங்கள் குடும்பத்து வீடுகளுக்குள் துவக்கு வந்தது இது முதல் தடவை அல்ல. ஊரில் வேறு வேறு உடுப்புப் போட்டவர்கள் வேறு வேறு காலங்களில் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். ரசீதோடும் ஒரு வருட உத்தரவாதத்தோடும் வந்தது இதுதான் முதல் தடவை.

“உதென்னப்பா?” என்றேன்.

“எயார் ரைபிள். காத்திலை வேலை செய்யிறது. லைசென்ஸ் கூடத் தேவையில்லை.”

“ஆருக்கு?”

“முயலுக்கு.”

முயல் என்றதும் விளங்கிவிட்டது. இது பாலண்ணையின் வேலை.

பாலண்ணை என் கணவரின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். பதினேழு வருடம் ஜேர்மனியில், டோர்ட்மண்டில் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர். நாங்கள் இருக்கும் பார்க்கிங் என்ற கிழக்கு லண்டன் ஊரில்தான் அவரும் இருக்கிறார். பிள்ளைகள் படித்து முடித்து ஆளுக்கொரு திசையில் போய்விட, பாலண்ணை நகரத்துக்கு வெளியே எசெக்ஸ் பக்கமாக ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முளைக்கீரை போட்டு எங்கள் ஆட்களின் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். அறுபது வயதில் அவர் தொடங்கிய இந்த வேலையைச் சொந்தக்காரர் எல்லாரும் விசர் வேலை என்றார்கள். அதனாலேயே அதை வென்று காட்ட வேண்டும் என்று நின்றார்.

கீரை நன்றாகத்தான் வந்தது. கடைக்குப் போவதற்கு முதல் நாள் முயல்கள் வந்து தின்றுவிட்டுப் போயின. கம்பி வலை அடித்தார், அடியால் தோண்டிக்கொண்டு வந்தன. என் கணவரின் பழைய குளிர்க் கோட்டைப் போட்டு ஒரு வெருளி கட்டி வைத்தார், அதன் நிழலில் இருந்து தின்றன. இரண்டு தடவை முழுப் பாத்தியும் போனது. இந்தக் கோடை விளைச்சலும் போனால் குத்தகையை விட்டுவிட்டு மகனுடைய வீட்டு மேல்மாடி அறைக்குப் போய் இருப்பதுதான் வழி என்று ஒருநாள் எங்கள் வீட்டில் வைத்துச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

2

இந்த நாட்டில் வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்க்க லைசென்ஸ் வேண்டும். ஆற்றில் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டும். பலம் குறைந்த காற்றுத் துவக்குக்கு வேண்டாம். உறையில் போட்டு மூடித்தான் தெருவால் கொண்டுபோக வேண்டும், சின்னப் பிள்ளைகள் கைபடாமல் பூட்டி வைக்க வேண்டும், நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கணவர் இதை நம்பவில்லை. கடிதம் இல்லாமல் இந்த நாட்டில் ஒன்றும் கிடைக்காது என்று அகதி விசாவுக்காக எட்டு வருடம் ஹோம் ஒஃபிசுக்கு அலைந்து படித்த மனிதர் அவர். ஆகவே ஒரு ஃபைல் திறந்தார். துவக்கின் ரசீது, பாலண்ணையின் குத்தகைக் கடிதத்தின் பிரதி, எங்கள் இருவரின் பாஸ்போர்ட் பிரதி, தண்ணீர் பில், நிலத்துக்குச் சொந்தக்காரியான மார்கரெட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி முயல் சுட அனுமதித்து எழுதிக் கொடுத்த இரண்டு வரிக் கடிதம். ஒரு முயலாவது ஆவணம் கேட்டால் காட்டுவதற்கு எல்லாம் இருந்தது.

இல்லாத ஒன்று தூரம்.

துவக்கின் மேலே ஸ்கோப் என்று ஒரு குழாய் பூட்டியிருக்கிறது. அதற்குள்ளால் பார்த்தால் தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும், நடுவில் ஒரு சிலுவைக் கோடு தெரியும். நாம் பார்ப்பது நேர்கோட்டில். குண்டு போவது அப்படியல்ல. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் அடித்தால் கொஞ்சம் எழும்பிப் பிறகு விழுவது போலப் போகும். பார்வையும் குண்டும் ஓர் இடத்தில் சந்திக்க வேண்டும். அந்த இடம் எத்தனை கெஜத்தில் என்று முதலிலேயே முடிவு செய்து, ஸ்கோப்பில் உள்ள திருகுகளைத் திருகி வைக்க வேண்டும். இதைத்தான் ‘சீரோ’ செய்வது என்கிறார்கள். அந்தத் தூரத்தில் சிலுவையை எங்கே வைக்கிறோமோ குண்டு அங்கே படும். அதைவிடத் தள்ளிப் போனால் கீழே படும். நடுவழியில் மேலே படும்.

துவக்குக் கடைக்காரர் என் கணவரிடம், “எத்தனை கெஜத்துக்குச் சீரோ செய்து தரட்டும்?” என்று கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. “எல்லாத் தூரத்துக்கும்” என்று சொல்லியிருக்கிறார்.

கடைக்காரர் பொறுமையான மனிதர் போல. முயலுக்கு முப்பது கெஜம் நல்லது என்றாராம். இவருக்கு அது அவமானமாகப் போய்விட்டது. “இருவத்தைஞ்சு வருசமா லண்டனுக்குள்ளை பஸ் ஓடுறன். எனக்குத் தூரம் தெரியாதாமோ?” என்று என்னிடம் வந்து கேட்டார். பஸ் ஓட்டிய தூரத்துக்கும் முயலுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. கல்யாண நாள் என்றபடியால் விட்டுவிட்டேன்.

அடுத்த மூன்று கிழமையும் எங்கள் முன்னறையில் கோயில் நிர்வாக சபைக் கூட்டம் போல ஒன்று நடந்தது. என் கணவர் ஐம்பது கெஜம் என்றார். முப்பதுக்கு வைத்தால் ஐம்பதில் நிற்கிற முயல் எங்களைப் பார்த்துச் சிரிக்கும் என்பது அவருடைய வாதம். பாலண்ணை நாற்பது மீற்றர் என்றார்.

“மீற்றர் எண்டால் உலகம் முழுக்க ஒண்டுதான் மச்சான். இந்தக் கெஜம், மைல், கல்லு, இறாத்தல் எல்லாம் இவங்கள் எங்களைப் பேய்க்காட்ட வைச்சிருக்கிறாங்கள்.”

“அப்ப மீற்றர்ல சுடுறதெண்டால் டோர்ட்மண்டுக்குப் போய்ச் சுடும்.”

“நான் சொன்னது கணக்கு. நீர் சொல்லுறது கோவம்.”

கடைசியில் இருவருக்கும் நடுவில் நாற்பத்தேழு கெஜம் என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு வாக்கு இல்லை. கடைக்காரரும் அப்படியே சீரோ செய்து கொடுத்தார். முயல் எங்கே நின்று தின்கிறது என்று போய்ப் பார்த்து வர வேண்டும் என்று சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சபையில் இல்லை. வடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

3

முதல் சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு என் கணவர் பாலண்ணையின் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தார். முயல்கள் கொத்தமல்லிப் பாத்தியில் நின்றன. சுட்டார். குண்டு முயலின் தலைக்கு மேலால் போய்ப் பின்னால் இருந்த மண்மேட்டில் பட்டது. முயல் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பத் தின்றது. ஐந்து தடவை இப்படி நடந்தது.

நாற்பத்தேழு கெஜத்துக்கு வைத்த துவக்கு கிட்ட நிற்கிற முயலுக்கு மேலால்தான் போகும். அதை யாராவது சொல்லியிருக்கலாம். பாலண்ணை, “கொஞ்சம் கீழை பதிச்சு வையும்” என்றார். எவ்வளவு கொஞ்சம் என்று அவர் சொல்லவில்லை. மீற்றரிலும் சொல்லவில்லை. இவர் பதித்து வைத்துச் சுட்டார். ஆறாவது குண்டு முயலின் பின்னங்காலில் பட்டது.

அது இழுத்து இழுத்து வேலிக்குள் போனது. இரண்டு ஆம்பிளைகளும் எழும்பித் தேடினார்கள். கிடைக்கவில்லை. கீரை கட்டி உதவலாம் என்று வந்த நான்தான் கடைசியில் அதைக் கண்டேன், தோட்டத்தோடு ஒட்டிய மார்கரெட் வீட்டின் பின்கதவுப் படியில். மார்கரெட்டும் கண்டுவிட்டார். கோழி வளர்த்துப் பழகிய மனுசி. குனிந்து தூக்கி, அதன் கழுத்தை முறித்து முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, இன்னுமொரு முயலைக் காயத்தோடு தன் நிலத்தில் கண்டால் துவக்குக்கான அனுமதி அன்றோடு முடிந்தது என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் என் கணவர் ஃபைலைத் திறந்திருப்பார்.

பாலண்ணை தண்ணீர்த் தாங்கியில் சாய்ந்து நின்றார். மேல்மாடி அறையைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. என் தம்பிக்குப் பதினாறு வயதில் காலில் வெடி பட்டது. அவனைக் குறிவைத்து வந்த வெடி அல்ல அது. யாரோ யாரையோ எங்கேயோ பார்த்துச் சுட்டது. அவன் இப்போதும் ஊரில் ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறான், நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். சுட்டவனுக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு அன்றைக்கு அந்தப் படியில் வந்த கோபம் என் கணவர் மேலா, அந்த ஆள் மேலா என்று இன்றுவரைக்கும் பிரித்துச் சொல்ல ஏலாது.

காரில் வரும்போது சொன்னேன். “இனி நீங்கள் தொடக் கூடாது. நான் சுடுறன். இல்லாட்டித் துவக்கைக் கொண்டுபோய்க் கடையிலை குடுங்கோ.”

“உமக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும்?”

“உங்களுக்கு என்ன தெரியுமெண்டு ஆறு தரம் பாத்தன்.”

அவருக்கும் உள்ளுக்குள் ஆறுதல்தான். மேலே பார்க்க ஒன்று, கீழே வாசிக்க ஒன்று என்று இரண்டு பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர். ஸ்கோப்புக்குள்ளால் அவருக்கு எப்போதும் ஒன்றரை முயல் தெரிந்திருக்கிறது. அதைப் பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

4

நான் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்கிறேன். முந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே அளவில் பிசைந்த உருளைக்கிழங்கு அள்ளிப் போடுவது என் வேலை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எனவே முதலில் அளக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. தாங்கியில் இருந்து பாத்தி எவ்வளவு தூரம்?

அளவு நாடா ஒருவரிடமும் இல்லை. பாலண்ணை காலால் அளந்தார், அவருடைய ஜேர்மன் காலடி ஒன்று ஒரு மீற்றராம். என் கணவர் தன் காலடியால் அளந்தார். இரண்டும் ஒத்துவரவில்லை, திரும்பவும் கூட்டம் தொடங்கப் பார்த்தது. அப்போதுதான் கார் டிக்கியில் கிடந்த சேலை ஞாபகம் வந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டும். லண்டனில் சில சேலைகள் உடுப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. ஒரு விழாவில் தருவார்கள், நாங்கள் இன்னொரு விழாவில் கொடுப்போம், அவர்கள் வேறொரு விழாவில் கொடுப்பார்கள். இந்தச் சேலை மாம்பழ நிறம், பச்சைக் கரை. எனக்கு இரண்டாவது முறையாக வந்து சேர்ந்திருந்தது. மடிப்புக் கலையவில்லை.

“சேலை ஆறு யார்தானே. ஆருக்குத் தெரியாது?” என்றேன்.

சேலை ஆறு யார், அதாவது ஆறு கெஜம். இதைப் பற்றி இரண்டு பேருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, மீற்றர்காரர் உட்பட. ஒரு நுனியை என் கணவர் தாங்கியடியில் பிடிக்க, மறு நுனியை நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிடித்து, இழுத்து, கல் வைத்து, திரும்பப் பிடித்து. முயல்கள் நிற்கிற பாத்தி சரியாக ஐந்து சேலை. ஐந்தாறு முப்பது. கடைக்காரர் முதலில் சொன்ன அதே முப்பது கெஜம்.

பாத்தியின் தலைப்பில் ஒரு தடியை நட்டேன். என் கணவர் அன்று முழுக்கக் கடைக்காரரின் பெயரைச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை துவக்குக் கடைக்குப் பின்னால் இருக்கிற சுடுதளத்துக்குப் போனேன். பருத்திச் சுரிதாரும் குளிர்ச் சட்டையுமாக நான் போய்க் குப்புறப் படுத்ததைப் பார்த்துக் கடைக்காரர் ஒரு தலையணை தந்தார். நிலத்தில் முகம் படப் படுத்தவுடன் எனக்குச் சுட வரவில்லை. அப்படிப் படுத்தால் அடுத்தது காதைப் பொத்த வேண்டும் என்று உடம்பு பழகியிருந்தது. சத்தம் ஓயும்வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று பழகியிருந்தது. இப்போது சத்தம் போட வேண்டியவள் நான். கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்தேன். கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை.

பிறகு சுட்டேன். முப்பது கெஜத்துப் பலகையில் கடதாசி. நாலு குண்டு அடித்து, எங்கே படுகிறது என்று பார்த்து, திருகைக் கிளிக் கிளிக் என்று திருகி, திரும்ப நாலு. கடைசி நாலும் ஒரு ஐம்பது பென்ஸ் நாணயத்துக்குள் விழுந்தன. கடைக்காரர் முன்பு எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். குசினியில் என்றேன். அவர் அதை ஓர் இராணுவப் பிரிவு என்று நினைத்திருக்க வேண்டும், மரியாதையாகத் தலையாட்டினார்.

அன்று பின்னேரம் பிரிஸ்டலில் இருக்கும் மகள் ஆரணி அழைத்தாள். அவள் இறைச்சி, முட்டை, பால், தேன் ஒன்றும் தொடாதவள். தகப்பன் பெருமையாகக் குண்டு பட்ட கடதாசியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

“அம்மா, ஆர் யூ ஓகே? திஸ் இஸ் லைக், ட்ரோமா. ஹாவ் யூ டாக்ட் டு சம்வன்?”

“ஓம் பிள்ளை, பாலண்ணையோட கதைச்சனான்.”

“நோ அம்மா, எ ப்ரொஃபெஷனல்.”

“கடைக்காரரோடையும் கதைச்சனான். அவர் ப்ரொஃபெஷனல்தான்.”

பிறகு, முயலுக்கு வலிக்குமா என்று கேட்டாள், இந்தக் கேள்வியை மட்டும் தமிழில். “வலிக்காமல் செய்யத்தான் இவ்வளவும் படுறன்” என்றேன். வேலி எப்படிப் போடுவது என்று ஒரு காணொளி அனுப்பினாள்.

5

முயலைச் சுடுவதற்கு முன் கடதாசியைச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பாத்தியின் தலைப்பில் நட்ட தடியில் ஒரு கடதாசிக் கோப்பையைக் கட்டி, நடுவில் பொட்டு வைத்து, தாங்கியடியில் படுத்துச் சுட்டேன். நாலு குண்டும் பொட்டுக்குக் கீழே. கிட்டத்தட்ட ஓர் அங்குலம் கீழே, நாலும் ஒன்றாக.

ஓர் அங்குலம் என்றால் முயலின் தலைக்குப் பதில் தாடை. திரும்பவும் ஒரு முயல் மார்கரெட்டின் படிக்குப் போகும்.

சபை கூடியது. என் கணவர் காற்று என்றார். அன்றைக்கு ஒரு கொத்தமல்லி இலையும் அசையவில்லை. பாலண்ணை, ஸ்கோப் சீனாவில் செய்தது, ஜேர்மன் ஸ்கோப் என்றால் இப்படி வராது என்றார். என் கணவர் குண்டுகளை மாற்றச் சொன்னார், பிறகு படுக்கிற பாயை மாற்றச் சொன்னார். பாலண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தங்கச்சி, கடைக்கு வெள்ளிக்கிழமை இருநூறு கட்டுக் குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். ஓர் அங்குலம் மேலை வைச்சுச் சுடன்” என்றார். அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

“ஏன் கீழை போகுதெண்டு தெரியாமல் நான் சுடமாட்டன் அண்ணை.”

அவர் தலையாட்டிவிட்டுப் போய்க் கீரை கட்டினார். இருந்த கீரையைக் கட்ட அதிக நேரம் பிடிக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க நான் உருளைக்கிழங்கு அள்ளும்போதும் அந்த அங்குலத்தையே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரெய்னர்ஸ் லேன் பக்கம், பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியச் சடங்கு. உடுக்க எடுத்து வைத்திருந்த சேலையில் காலையில் என் கணவர் கோப்பி ஊற்றிவிட்டார். நேரமில்லை. காரில் இருந்த மாம்பழ நிறச் சேலையைத் தட்டி, மண்ணை உதறி உடுத்தேன். கொய்யகம் மடிக்கிறேன், மடிக்கிறேன், முடியவில்லை. ஐந்து மடிப்பு வைத்துப் பழகிய கை எட்டாவது மடிப்பில் நின்றது. வயிற்றில் ஒரு தலையணை சொருகியது போல இருந்தது. சரி என்று குத்தூசி குத்திக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் ஆலாத்தி எடுக்கும்போது, கையில் தட்டோடு நிற்கிறேன், விளங்கியது. பிளவுஸ் துண்டு. உடுக்காத சேலையில் பிளவுஸ் துண்டு வெட்டாமல் அப்படியே இருக்கும். அதையும் சேர்த்தால் சேலை ஆறு யார் இல்லை, கிட்டத்தட்ட ஏழு யார். ஐந்து தரம் அளந்தால் முப்பது இல்லை, முப்பத்தைந்துக்குக் கிட்ட. துவக்கு சரி, காற்றுச் சரி, சீனாவும் சரி. பிழை என் இடுப்பில் இருந்தது.

தட்டை அடுத்தவளின் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் நின்ற என் கணவரிடம் போனேன்.

“இஞ்சாருங்கோ, பிளவுஸ் துண்டு வெட்டேல்லை.”

அவர் பதறிப்போய் என் முதுகைப் பார்த்தார். “எல்லாம் ஒழுங்காத்தான் இருக்குது” என்றார். பின்னால் நின்ற பெண் தன்னிடம் ஊசிநூல் இருப்பதாகச் சொன்னாள்.

6

அடுத்த சனிக்கிழமை தோட்டத்தில் வைத்து விளங்கப்படுத்தி முடிய இரண்டு பேருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பாலண்ணை லேசர் அளவுகோல் வாங்கலாம் என்றார், மீற்றரில் காட்டுவதாக. என் கணவர் பாத்தியில் இருந்து பின்னுக்கு அளந்து, சரியாக முப்பது கெஜத்தில் தண்ணீர்த் தாங்கியை நகர்த்தலாம் என்றார். அந்தத் தாங்கிக்குள் ஆயிரம் லீற்றர் தண்ணீர் நின்றது.

“ஒண்டையும் நகர்த்த வேண்டாம்” என்றேன். “தாங்கி அங்கைதான் நிக்கும். முயலும் அங்கைதான் நிக்கும். துவக்கை இஞ்சை வைச்சே சரிக்கட்டுவம். அது எத்தினை யார் எண்டு எனக்குத் தேவையில்லை. அஞ்சு சேலை.”

“அஞ்சு சேலை எண்டு ஒரு அளவு உலகத்திலை இல்லை” என்றார் பாலண்ணை.

“இப்ப இருக்குது.”

தடியில் புதுக் கோப்பை கட்டினேன். நாலு குண்டு, கிளிக் கிளிக், திரும்ப நாலு. பொட்டின் மேல் விழுந்தன. இன்னும் நாலு. அதுவும் பொட்டின் மேல். பிறகு ஒரு விஷயத்துக்கு என் கணவரிடம் சத்தியம் வாங்கினேன். பாத்திக்கு அங்கால் நிற்கிற எதையும் சுடச் சொல்லி என்னைக் கேட்கக் கூடாது. தூரத்தை முடிவு செய்வது என்றால் எங்கே சுடுவேன் என்று மட்டுமல்ல, எங்கே சுடமாட்டேன் என்றும் முடிவு செய்வது என்று எனக்குப் பட்டது. என் தம்பியின் கால் அப்படி ஒருவரும் முடிவு செய்யாத ஒரு தூரத்தில்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை ஆறு மணி. நான் தாங்கியடியில் படுத்தேன். இரண்டு பேரும் எனக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். மார்கரெட் தன் வேலிப் படலையடியில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வருவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒரு முயல் பாத்திக்கு வந்தது, தடிக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் நின்றது. சிலுவையைக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் வைத்தேன். மூச்சைப் பாதி விட்டேன்.

அது நின்ற இடத்திலேயே விழுந்தது. ஒரு கால்கூட உதறவில்லை. பாலண்ணை நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்குச் சந்தோசம் என்று சொல்ல முடியாது. வலிக்கவில்லை என்று தெரிந்தது, அது போதுமாக இருந்தது. அன்று காலை அதே இடத்தில் இன்னும் மூன்று. மூன்றும் அப்படியே.

பிறகு ஒன்று வந்தது. கொழுத்தது. பாத்தியைத் தாண்டி, அந்தப் பக்கத்து வெந்தயக்கீரைக்குள் இருந்து எங்களைப் பார்த்தபடி தின்னத் தொடங்கியது.

“இஞ்சாரும்,” என்று என் கணவர் காதுக்குள் சொன்னார், “இதையும் போடும். வடிவா நிக்குது.”

“ஏலாது. அது ஏழு சேலை.”

“ரெண்டு சேலைதானே கூட.”

“சத்தியம் பண்ணினனீங்கள்.”

துவக்கை மடக்கிக் கீழே வைத்தேன். பாலண்ணைக்குக் கண் முழுக்க வெந்தயம். நாலு பேருமாக அது தின்று முடிக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம். அது அவசரப்படவில்லை.

மார்கரெட் நடந்து வந்தார். அந்தப் பெரிய முயலை ஏன் சுடவில்லை என்று கேட்டார். எனக்கு ஆங்கிலத்தில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. என் கணவர் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னுக்கு வந்து, உத்தியோக ஆங்கிலத்தில், “மேடம், தட் ஒன் இஸ் செவன் சாரீஸ். வீ ஆர் ஒன்லி ஃபைவ்” என்றார். மார்கரெட் அவரைப் பார்த்தார். தூரத்தில் இருந்த முயலைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அனுமதி இருக்கிறதா, போய்விட்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அன்று முழுக்கப் பாலண்ணை தன் தொலைபேசியைப் பார்த்தபடியே இருந்தார். அடுத்த நாளும் ஒன்றும் வரவில்லை. என் கணவர் மேன்முறையீட்டுக் கடிதம் ஒன்று எழுதி வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடக் குசினியில் நிற்கும்போது எனக்கு மார்கரெட்டிடம் இருந்து ஒரு செய்தி வந்தது. தன் முட்டைக்கோசுப் பாத்தியிலும் ஒன்று தினமும் வருகிறதாம். பின்கதவுப் படியில் இருந்து மூன்று சேலை இருக்கும், அதற்குத் துவக்கைப் புதிதாகச் சரிக்கட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தார்.